ஹெட் ஃபேஸ் அடிச்சா கேம் டைமிங்கை ஒரு பல் தள்ளி வைக்கணுமா?

2024 ஜனவரி 5, இரவு 9.15 – காசிமேட்டு வாசகர் கேட்டது

அண்ணே, என்னோடது ஆம்னி. கார்புரேட்டர் வண்டி. ஐஸ் பெட்டி ஏத்தி ஓட்டுறேன். எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கினு ஹீட் ஏறி ஹெட் கேஸ்கட் போச்சு. இன்ஜினுக்கு மூடி மாதிரி இருக்கற ஹெட் வளைஞ்சிருக்குன்னு 30 பாயிண்ட் ஃபேஸ் அடிச்சாங்க, அதான் அடியைச் சீவி நேராக்கினாங்க. ஹெட் இறங்கிட்டா வால்வு திறந்து மூடற டைமிங் பின்னாடி போயிடுமாம், அதுக்கு ஈடா கேம் (வால்வைத் திறக்கற தண்டு) புல்லியை ஒரு பல் முன்னாடி தள்ளி வச்சிருக்கேன்றாரு மெக்கானிக். இப்ப முதல் கியர்ல வண்டி குதிக்குது. 50-க்கு மேல மூச்சு வாங்குது. மின்ட் மேம்பாலம் ஏறும்போது டிக் டிக்னு சத்தம். கேட்டா "ஓட்டிக்கினே இரு, செட் ஆயிடும்"ன்றாரு. ஒரு பல் கணக்கு சரியாண்ணே?

2024 ஜனவரி 6, இரவு 10.40

சரியில்ல. ஒரு பல்லுன்றது மலை. ஃபேஸ் அடிச்சதால வர்ற மாற்றம் கடுகு.

அதுவுமில்லாம ஹெட் இறங்கினா டைமிங் முன்னாடிதான் போகும். பின்னாடி போகாது. ஆக உங்க மெக்கானிக் ரெண்டு தப்பு பண்ணியிருக்காரு. நாளைக்கு விளக்கமா எழுதறேன், இப்ப கரெண்ட் போயிடுச்சு.

2024 ஜனவரி 6, இரவு 11.55

கரெண்ட் வந்துடுச்சு. கணக்கு இதுதான்.

பெல்ட்டுல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம் 9.525 மி.மீ., அதாவது அரைக்கால் அங்குலம் மூணு. கேம் புல்லிக்கு 40 பல்லுன்னு வச்சுக்குங்க (உங்களுதை நீங்களே எண்ணுங்க, என் பேச்சை நம்பாதீங்க). சுற்றளவு 381 மி.மீ. ஒரு பல் தள்ளினா கேம் 9 டிகிரி நகரும். கேம் ஒரு சுத்து சுத்த கிராங்க் (பிஸ்டன் சுத்தற கீழ்த் தண்டு) ரெண்டு சுத்து சுத்துது இல்லையா, ஆக கிராங்க்ல 18 டிகிரி.

ஹெட் 1 மி.மீ. இறங்கினா பெல்ட்டுல 1 மி.மீ. மிச்சமாகுது. 360-ஐ 381-ஆல வகுத்தா 0.94. கிராங்க்ல 1.9 டிகிரி கூட வராது. 18 எங்கே, 1.9 எங்கே. கொசு கடிச்சதுக்கு கையை வெட்டினாப்புல.

2024 ஜனவரி 7, காலை 7.10

தூக்கமே வரல. நேத்து எழுதின திசை மேல சந்தேகம் வந்துடுச்சு. முன்னாடியா, பின்னாடியா? படுத்துக்கினே விரலால காத்துல பெல்ட் வரைஞ்சுக்கினு இருந்தேன். வீட்டுக்காரம்மா என்னாச்சுன்னு கேட்டாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிளப்புக்குப் போய் சோதிச்சுட்டு வர்றேன்.

2024 ஜனவரி 7, மதியம் 2.30

நேத்து நான் எழுதினது தப்பு. மெக்கானிக் சொன்ன திசைதான் சரி. பின்னாடிதான் போகுது.

எப்படின்னா: எங்க கேரம் கிளப்புல தூக்கிப்போட்ட பழைய போர்டு ஒண்ணு கிடக்குது. நல்ல போர்டுல ஆணி அடிச்சா என்னையே பாக்கெட்டுல தள்ளிடுவாங்க. அதுல ரெண்டு டப்பா மூடியை ஆணி வச்சு சுத்துற மாதிரி பொருத்தினேன். கீழ சின்னது, அது கிராங்க். மேல பெருசு, அது கேம். தைக்கிற டேப்பை ரெண்டையும் சுத்திக் கட்டி, கீழ் மூடியை வண்டி சுத்துற திசையில திருப்பினேன். ஒரு பக்கம் விறைப்பா நிக்குது, இன்னொரு பக்கம் தொளதொளன்னு. பெல்ட்டைத் தள்ளி இறுக்கமா வைக்கிற டென்ஷனர் இருக்கறது தொளதொள பக்கத்துல. கிராங்க் கேமை இழுக்கறது விறைப்பான பக்கத்து வழியா.

அப்புறம் மேல் ஆணியைப் பிடுங்கி 10 மி.மீ. கீழ அடிச்சேன். இப்ப விறைப்பான பக்கமும் தொய்ஞ்சுடுச்சு. கிராங்க் முதல்ல அந்தத் தொய்வை இழுத்து முடிக்கணும், அதுக்கப்புறம்தான் கேம் அசையும். அந்த நேரத்துக்கு கேம் பின்தங்கி நிக்குது. டென்ஷனர் எவ்வளவு தள்ளினாலும் இதைத் திருத்தாது, அது வேலை செய்யறது அடுத்த பக்கத்துல.

செயின் வண்டிக்கும் இதே கதை. செயின் தேய்ஞ்சு நீண்டாலும் விறைப்புப் பக்கம் நீளும், கேம் பின்தங்கும். பழைய செயினோட ஃபேஸ் அடிச்ச ஹெட்டும் சேர்ந்தா ரெண்டும் ஒரே பக்கம் கூடும்.

காசிமேட்டுத் தம்பி, உங்க மெக்கானிக்குகிட்ட அரை மன்னிப்பு கேட்டேன்னு சொல்லிடுங்க. மீதி அரை அந்தப் பல்லுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன்.

2024 ஜனவரி 7, மதியம் 3.05

அதே போர்டுல இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். புல்லி பெருசோ சின்னதோ, பல் எத்தனையோ, கவலையே வேண்டாம். ஹெட் எவ்வளவு இறங்குதோ, புல்லி விளிம்புல குறி அவ்வளவேதான் தள்ளி நிக்கும். அரை மி.மீ. அடிச்சா குறி அரை மி.மீ. தள்ளும். அரை மி.மீ.ன்றது பென்சில் கோடு கனம். கண்ணால பாத்தா குறி நேரா இருக்குன்னுதான் சொல்லுவீங்க.

ஒரு பல் தள்ளி வச்சா குறி 9.5 மி.மீ. தள்ளி நிக்கும். உங்க வண்டியில கவரைக் கழட்டினதும் தெரிஞ்சுடும். கிராங்க் குறியை சரியா நிறுத்திட்டு கேம் புல்லி குறியைப் பாருங்க.

2024 ஜனவரி 9, இரவு 8.20

"30 பாயிண்ட்"ன்னா எவ்வளவுன்னு நாலு பேர் கேட்டுட்டீங்க. எனக்கும் அதே கேள்விதான். சில பட்டறையில பாயிண்ட்டுன்னா மி.மீ.ல நூத்துல ஒண்ணு, அப்ப 0.30 மி.மீ. சில பெருசுங்களுக்கு பாயிண்ட்டுன்னா தௌ, அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு, அப்ப 0.76 மி.மீ. ரெண்டரை மடங்கு வித்தியாசம். பில்லுல எழுதி வாங்கற பழக்கம் நம்ம பக்கம் இல்ல.

பட்டறைக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க: தௌவா, மி.மீ.யா? இல்ல ஹெட்டோட உயரத்தை வெர்னியர்ல அளந்து, ஃபேஸ் அடிக்காத ஹெட்டோட வச்சுப் பாருங்க.

2024 ஜனவரி 9, இரவு 9.50

தம்பி பட்டறையில கேட்டுட்டாராம், தௌதானாம். 0.76. கணக்குப்படி கிராங்க்ல 1.4 டிகிரி.

கேஸ்கட் எப்படின்னு கேட்டேன், கம்பெனி கேஸ்கட் இல்ல, பிராட்வேல வாங்கினதுன்னார். கனமான கேஸ்கட்டுன்னா ஹெட் கொஞ்சம் மேல ஏறி, இறங்கினதுல பாதியை ஈடு கட்டிடும். இறுகின பழைய கேஸ்கட்டை மைக்ரோமீட்டர்ல பிடிச்சு வச்சிருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். தூக்கிப் போட்டிருப்பாங்க. எல்லாரும் தூக்கித்தான் போடுவாங்க.

2024 ஜனவரி 11, மாலை 6.45

எண்ணூர் லாரி ஃபேக்டரியில ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எழுதியிருக்கார்: "நாங்க எத்தினி ஹெட்டு ஃபேஸ் அடிச்சோம், டைமிங்னு ஒரு பேச்சே எழுந்ததில்லையே." ஐயா, நீங்க சொல்றது உங்க இன்ஜினுக்கு நூத்துக்கு நூறு சரி. அங்க கேம் ஹெட்டுக்குக் கீழ பிளாக்குல இருக்குது, கியர்ல சுத்துது. ஹெட்டைக் காகிதமா அடிச்சாலும் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் மாறாது. பழைய 1489 சிசி அம்பாசடருக்கு செயின் இருந்தும் கேம் பிளாக்குலதான், அதுவும் அப்படியே. திருவொத்தியூர்ல 1955-லேருந்து செஞ்ச புல்லட்டும் இந்த ஜாதிதான். அதுல எல்லாம் மாறுறது புஷ்ராடு, கீழ இருக்கற கேம்லேருந்து மேல வால்வுப் பக்கம் தள்ளற கம்பி. ஹெட் இறங்கினா ராடு நீளமாத் தெரியும், டாப்பெட் இடைவெளி (வால்வு முழுசா மூட விடற சின்ன சந்து) செத்துடும். திரும்ப வச்சா முடிஞ்சுது.

நம்ம பேச்சு ஹெட்டு மேலயே கேம் உக்காந்திருக்கற வண்டிக்கு. மாருதி 800, ஆம்னி, ஸ்பிளெண்டர் எல்லாம் அந்த வகை.

இன்னொருத்தர் "ஆம்னியிலயும் ஃபேஸ் அடிச்சா டாப்பெட் மாறும்"னு எழுதியிருக்கார். மாறாது. கேம், ராக்கர், வால்வு எல்லாம் ஒரே ஹெட்டோட சேர்ந்து இறங்குது, ஒண்ணுக்கொண்ணு தூரம் அப்படியே. மாறினா அதுக்குக் காரணம் வால்வு சீட், அதான் வால்வு மூடி உக்கார்ற இடம், வெட்டினது. சீட் வெட்டினா வால்வு உள்ள போகும், தண்டு மேல ஏறும், இடைவெளி குறையும். ஃபேஸ் அடிக்கக் கொடுத்தா கூடவே வால்வு வேலையும் பண்றாங்க, பழி மட்டும் ஃபேஸ் மேல விழுது.

2024 ஜனவரி 11, இரவு 10.15

ஃபேக்டரின்னதும் சித்தப்பா ஞாபகம். அவரும் எண்ணூர்லதான் ஃபிட்டர். சின்ன வயசுல என்னை சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சு சோழவரம் ரேசுக்குக் கூட்டினு போவார். பழைய விமான ஓடுபாதை, ரெண்டாம் உலகப்போர்ல போட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க ரேஸ் நடத்தும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல வர்ற வரைக்கும் நமக்கு ரேஸ்னா சோழவரம்தான். புழுதி, வெயில், அரை டவுசர், கையில வேர்க்கடலை.

கம்பி வேலி ஓரத்துல நின்னு, வண்டி போற சத்தத்தை வச்சே சித்தப்பா சொல்லுவார்: "இவன் ஹெட்டை ஏகத்துக்கு அடிச்சிருக்கான், மூணாவது ரவுண்டுல கேஸ்கட் ஊதும்." சில நேரம் ஊதும். ஊதலன்னா "அடுத்த ரேசுல ஊதும்"பார். ஜோசியக்காரர் மாதிரி எப்படியும் தப்பிச்சுக்குவார்.

அந்த ரேஸ்காரங்களுக்குத்தான் இந்தக் கணக்கு நிஜமா வேணும். ரெண்டு மி.மீ. அடிச்சா நாலு டிகிரி பக்கம் வந்துடும். அது இன்ஜின் குணத்தையே மாத்தும்.

2024 ஜனவரி 14, காலை 11.00

போகிப் புகையில கண் எரியுது. பட்டறை எல்லாம் இன்னும் நாலு நாளைக்கு மூடல். சும்மாதானே இருக்கோம், என் கதையைச் சொல்றேன்.

என் 800-க்கு ஹெட் ரெண்டு தரம் ஃபேஸ் அடிச்சது. மொத்தம் 0.8 மி.மீ. ரெண்டாவது தரம் அடிச்சப்புறம் வண்டி மந்தமா இருந்துச்சு. கேம் பின்தங்கிடுச்சுன்னு முடிவு பண்ணி, வியாசர்பாடி லேத்துல ஆஃப்செட் பின் ஒண்ணு கடைஞ்சேன். கேம் முனையில புல்லியைப் பிடிக்கிற சின்ன பின்னு இருக்குதே, அதுல பாதி உடம்பை மையத்துலேருந்து கால் மி.மீ. தள்ளி கடைஞ்சா புல்லி நின்ன இடத்துலயே இருக்கும், கேம் மட்டும் ஒரு இழை திரும்பும். பின் மையத்துலேருந்து 15 மி.மீ. தூரத்துல இருந்தா, 0.26 மி.மீ. தள்ளினா கேம்ல 1 டிகிரி, கிராங்க்ல 2.

லேத்துக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. "கால் மில்லிக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" மூணு பின் வீணாச்சு. நாலாவது உக்காந்துச்சு. போட்டதும் வண்டி பறந்துச்சு. பல வருஷமா இதைப் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்.

2024 ஜனவரி 14, மதியம் 12.20

"விலையைச் சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு"ன்னு மூணு பேர். பொறுங்க. முதல்ல அளங்க. அளக்காம பின் வாங்கறது, கண்ணைப் பரிசோதிக்காம கண்ணாடி வாங்கறது.

2024 ஜனவரி 16, மாலை 5.30

அளக்கற முறை. மாட்டுப்பொங்கல் அன்னிக்கு இதை எழுதறேன், என் வீட்டு மாடு நாலு சக்கரத்துல நிக்குது, அதுக்கும் பொட்டு வச்சாச்சு.

முதல் வேலை பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடிக்கிறது. அதைப் புல்லி குறியை நம்பியோ, ஸ்க்ரூ டிரைவரை பிளக் ஓட்டையில விட்டு "இப்ப நின்னுடுச்சு"ன்னோ சொல்லாதீங்க. உச்சிக்குப் பக்கத்துல பிஸ்டன் தூங்கும். நம்ம இன்ஜின் ஸ்ட்ரோக் 72 மி.மீ., உச்சிக்கு 2 டிகிரி தள்ளி நின்னாலும் பிஸ்டன் இறங்கியிருக்கறது 0.03 மி.மீ.தான். நாம தேடறதே ஒன்றரை டிகிரி. உச்சியிலயே ரெண்டு டிகிரி தப்பினா மிச்சத்தைப் பேசி என்ன பிரயோசனம்?

பழைய ஸ்பார்க் பிளக் ஒண்ணை உடைச்சு பீங்கானை எடுத்துட்டு, கூட்டுல போல்ட்டை இறுக்கி முட்டுக்கட்டை பண்ணுங்க. முனை மழுங்கலா இருக்கட்டும். அதை ஓட்டையில போட்டு, கிராங்கைக் கையால மெதுவா ஒரு பக்கம் திருப்பினா பிஸ்டன் முட்டி நிக்கும். டிகிரி தட்டுல (கிராங்க் முனையில மாட்டற, டிகிரி கோடு போட்ட வட்டம்) குறிச்சுக்குங்க. எதிர்ப் பக்கம் திருப்பி முட்டற இடத்தையும் குறிச்சுக்குங்க. ரெண்டுக்கும் நட்ட நடு உச்சி. கட்டையைக் கழட்ட மறந்துட்டு ஸ்டார்ட்டர் அடிச்சா அப்புறம் நீங்க இங்க எழுத வேற கேள்வி இருக்கும்.

தட்டு: நான் முதல்ல சிடி மேல கோணமானி பிரிண்ட் ஒட்டிப் பாத்தேன். 120 மி.மீ. விட்டத்துல ஒரு டிகிரி 1 மி.மீ.தான். கிழட்டுக் கண்ணுக்கு ஆகல. பிளைவுட்டுல 250 மி.மீ. வட்டம் வெட்டினேன், ஒரு டிகிரி 2.2 மி.மீ. ஆச்சு, நிம்மதி. முள்ளுக்கு துணி மாட்டற ஹேங்கர் கம்பி.

அடுத்து இன்டேக் வால்வு (காத்து உள்ள வர்ற வால்வு) ஸ்பிரிங்கைப் பிடிக்கிற ரிட்டெய்னர் மேல டயல் கேஜ் வைங்க. வால்வு முழுசா இறங்கற இடத்துல டயலை சைபர் பண்ணுங்க. அந்த உச்சிக்கு 1 மி.மீ. முன்னாடி எத்தனை டிகிரி, தாண்டி 1 மி.மீ. திரும்பும்போது எத்தனை டிகிரி, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க. அதுதான் கேம் மூக்கோட நடு. டாப்பெட் இடைவெளி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இந்த நடு அசையாது, அதான் இந்த முறையோட அழகு.

வால்வை அளக்கும்போது எப்பவும் வண்டி சுத்துற திசையிலயே திருப்பி நிறுத்துங்க. தாண்டிட்டா பின்னாடி இழுக்காதீங்க, ரெண்டு சுத்து முழுசா சுத்தி வாங்க. பின்னாடி திருப்பினா பெல்ட் தொய்வு தப்பான பக்கம் போயிடும், அளவு பொய் சொல்லும்.

2024 ஜனவரி 16, மாலை 5.50

மேல "பிஸ்டன் உச்சி", "வால்வு உச்சி"ன்னு ரெண்டு உச்சி எழுதிக் குழப்பிட்டேன்னு ஒருத்தர். முதலாவது பிஸ்டன் மேல ஏறி நிக்கிற இடம். ரெண்டாவது வால்வு அதிகபட்சம் திறந்து நிக்கிற இடம். வேற வேற.

2024 ஜனவரி 21, இரவு 9.40

இன்னிக்கு ஆம்னி என் வீட்டு வாசலுக்கே வந்துடுச்சு. காலை ஏழு மணிக்கு. கூடவே ஒரு கிலோ வஞ்சிரம். அதைப் பத்தி அப்புறம்.

கவரைக் கழட்டினோம். கிராங்க் குறி அம்பு மேல உக்காந்திருக்குது. கேம் குறி ஒரு பல் தள்ளி ஜம்முனு நிக்குது. சந்தேகமே இல்ல. இருந்தாலும் தட்டு போட்டு அளந்தோம். 64 டிகிரி, 122 டிகிரி. நடு 93.

பல்லை ஒண்ணு பின்னாடி வச்சு, டென்ஷனரைத் தளர்த்தி விட்டு, ரெண்டு சுத்து சுத்தி, இறுக்கி, திரும்ப அளந்தோம். 82, 140. நடு 111.

ஹெட்டைத் தொடாத இன்னொரு 800 என் நண்பன்கிட்ட இருக்குது (ஆம்னிக்கும் அதே இன்ஜின்தான்), அதை முன்னாடி அளந்தப்ப எனக்கு வந்தது 109. ஆக ஃபேஸ் அடிச்சதால பின்தங்கினது 2 டிகிரின்னு தட்டு சொல்லுது, 1.4-ன்னு கணக்கு சொல்லுது. ஹேங்கர் கம்பிக்கு ஒரு டிகிரி அப்படி இப்படி சகஜம். ரெண்டு பேரையும் நம்பறேன்.

மெக்கானிக் பண்ணினது: 2 டிகிரி பின்தங்கலை ஈடு கட்ட 18 டிகிரி முன்னாடி தள்ளி, கடைசியில 16 டிகிரி முன்னாடி நிறுத்திட்டார். கோட்டைக்குப் போகச் சொன்னா கும்மிடிப்பூண்டியில இறக்கி விட்டாப்புல.

2024 ஜனவரி 21, இரவு 10.30

முதல் கியர்ல ஏன் குதிச்சுதுன்னு கேட்டிருந்தீங்க இல்ல. கேம் முன்னாடி போனா இன்டேக் வால்வு சீக்கிரம் மூடிக்கும். மெதுவா ஓடும்போது உள்ள வந்த காத்து வெளிய தப்பாது, அதனால கீழ்ப்பக்கம் பலம் கூடும். வேகமா ஓடும்போது காத்து முழுசா வந்து சேர்றதுக்குள்ள கதவு மூடிடும், மேல்பக்கம் மூச்சு வாங்கும். தம்பி எழுதின அறிகுறி பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கற கம்ப்ரஷன் கேஜும் இதே மாதிரி ஏமாத்தும். ஒரு பல் முன்னாடி வச்சப்ப 14 கிலோ காட்டுச்சாம், "பாரு, புது வண்டி மாதிரி"ன்னாராம் மெக்கானிக். பல்லைத் திருப்பி வச்சதும் 12.5. ஒண்ணும் கெட்டுப்போகல, வால்வு மூடற நேரம் மாறினதுதான்.

பயமான விஷயம் வேற. கேம் முன்னாடி போனா இன்டேக் வால்வு பிஸ்டன்கிட்ட நெருங்கும், பின்னாடி போனா எக்ஸாஸ்ட் வால்வு நெருங்கும். ஹெட்டும் இறங்கியிருக்குது. பிள்ளைங்க விளையாடற களிமண்ணை பிஸ்டன் தலையில வச்சு, ஹெட்டை மாட்டி ரெண்டு சுத்து சுத்திக் கழட்டினா நசுங்கின கனம் தெரியும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தா நான் தூங்குவேன். ஹெட் கழட்டியிருக்கும்போதே பண்ண வேண்டிய வேலை இது. நாங்க இன்னிக்குப் பண்ணல, பல் சரியா வந்ததால விட்டுட்டோம்.

2024 ஜனவரி 22, காலை 6.50

வஞ்சிரம் வறுவல். அதுக்கு மேல எழுத மாட்டேன், பொறாமைப்படுவீங்க.

2024 ஜனவரி 26, மாலை 4.15

ஆம்னி டிக் டிக் சத்தம் குறைஞ்சுது, ஆனா முழுசாப் போகலன்னு தம்பி ஃபோன். நான் முட்டாள். பிளக்குக்குத் தீப்பொறியைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டரை மறந்துட்டேன். இந்த இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் கேமாலதான் சுத்துது. கேமைத் திருப்பினா தீப்பொறியும் கூடவே திரும்பும். பல்லை மாத்தின அன்னிக்கு நான் காதால கேட்டு வச்சு அனுப்பிட்டேன். நாளைக்கு தீப்பொறி விழற நேரத்தைக் காட்டற டைமிங் லைட் எடுத்துக்கினு நானே காசிமேட்டுக்குப் போறேன்.

2024 ஜனவரி 27, இரவு 8.00

என் காது 7 டிகிரி முன்னாடி வச்சிருந்துச்சு. இனிமே காதை நம்பறதில்ல, பாட்டு கேக்க மட்டும்.

லைட் போட்டு வச்சப்புறம் மின்ட் மேம்பாலத்துல மூணாவது கியர்ல ஏறினோம், பின்னாடி அஞ்சு ஐஸ் பெட்டி. சத்தமில்ல.

கம்ப்ரஷன் விகிதமும் கொஞ்சம் ஏறியிருக்குது, அதையும் சொல்லிடணும். ஒரு சிலிண்டர் 265 சிசி. ஃபேஸ் அடிக்காத ஹெட்டுல மேல மிச்ச இடம் 34.5 சிசி, விகிதம் 8.7. 0.76 மி.மீ. அடிச்சா, அறையோட வாய் போர்ல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவுன்னு வச்சா, 2 சிசி போகும். விகிதம் 9.2 ஆகும். சாதா பெட்ரோல் தாங்கும், தீப்பொறி ஒழுங்கா இருந்தா. என் காது மாதிரி ஆளு வச்சா தாங்காது.

2024 பிப்ரவரி 4, இரவு 11.10

எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்.

போன வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் விஷயம் புரிஞ்சதுலேருந்து என் ஆஃப்செட் பின் கதை மேலயே சந்தேகம். பின் போட்ட அன்னிக்கு டிஸ்ட்ரிபியூட்டரையும் கழட்டி மாட்டினேன். அப்ப தீப்பொறியும் மாறியிருக்கும். வண்டி பறந்தது பின் போட்டதாலயா, தீப்பொறி மாறினதாலயா?

இன்னிக்கு சோதிச்சேன். ஆஃப்செட் பின்னோட, லைட் போட்டு இக்னிஷனை சரியா வச்சு, மாதவரம் 200 அடி ரோட்டுல காலையில ஆறு மணிக்கு மூணாவது கியர்ல 30-லேருந்து 60 வரைக்கும் நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து சாதா பின் போட்டு, இக்னிஷனைத் திரும்ப லைட்ல அதே இடத்துல வச்சு, அதே ரோடு, அதே திசை. மூணு மூணு தரம். மச்சான் ஸ்டாப் வாட்ச் பிடிச்சான்.

ஒரே நேரம். வித்தியாசம் மச்சான் கட்டைவிரல் அளவுதான்.

ஆக இத்தனை வருஷமா நான் பெருமை பேசினது டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பினதுக்கு. அது ரெண்டு நிமிஷ வேலை, ஒரு ஸ்பேனர் போதும். லேத்துக்காரர் பார்வைக்கு இப்பதான் அர்த்தம் புரியுது.

2024 பிப்ரவரி 5, காலை 8.30

"அப்ப ஜனவரி 14 பதிவை அழிச்சுடுங்க"ன்னு ஒரு யோசனை. அழிக்க மாட்டேன். அடுத்தவன் அதைப் படிச்சுட்டு இதையும் படிக்கட்டும்.

"ஆஃப்செட் பின்னே வேஸ்ட்"னு ஒரு முடிவு. அப்படியும் நான் சொல்லல. ஒன்றரை டிகிரிக்கு வேஸ்ட். ரெண்டு மி.மீ. அடிச்ச ரேஸ் ஹெட்டுக்கு வேணும்.

2024 பிப்ரவரி 11, மாலை 6.20

கேக்காமலே சொல்றது ரெண்டு. ஹெட் மெலிஞ்சா ஹெட் போல்ட் அதே அளவுக்கு பிளாக்குல ஆழமா இறங்கும். ஓட்டை அடிப்பாகத்துல முட்டிடுச்சுன்னா டார்க் ரெஞ்ச் "டிக்"னு சொல்லும், கேஸ்கட் மேல இறுக்கமே இருக்காது. போல்ட்டை வெறும் பிளாக்குல விட்டு ஆழம் பாத்துக்குங்க.

ஹீட்டுல வளைஞ்ச ஹெட்டுக்கு அடி மட்டும் வளையறதில்ல, கேம் உக்கார்ற துளை வரிசையும் வளையும். அடியை ஃபேஸ் அடிச்சா அடி நேராகும், மேல் வளைவு அப்படியே இருக்கும். ராக்கர் இல்லாம கேமை ஹெட்டுல போட்டு விரலால சுத்துங்க. ஒரு இடத்துல இறுக்குச்சுன்னா அந்த ஹெட்டு எடைக்குத்தான்.

2024 மார்ச் 3, இரவு 9.05

ஆம்னி ஒரு மாசமா ஓடுது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைக்குதுன்றார் தம்பி. கார் ஹீட் ஆனதுக்குக் காரணம் ரேடியேட்டர் ஃபேன் சுவிட்சாம், அதை இப்பதான் மாத்தினாராம். அதை மாத்தாமயே ரெண்டு மாசம் ஓட்டியிருக்கார். கண்டெய்னர் வரிசையில ஒருநாள் மாட்டியிருந்தா இந்த இழை முழுக்க முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த மெக்கானிக்கும் இதைப் படிச்சாராம். "டைமிங் பின்னாடி போகும்னு நான் கரெக்டாத்தானே சொன்னேன்"னாராம். சொன்னார். அதுக்குத்தான் அரை மன்னிப்பு.

கழட்டின ஆஃப்செட் பின் என் டூல் பாக்ஸ்ல பழைய தீப்பெட்டிக்குள்ள கிடக்குது. கால் மி.மீ. ஆஃப்செட், 800 புல்லிக்கு உக்காரும். யாராவது ஹெட்டை ஏகத்துக்கு அடிச்சிருந்தா வந்து எடுத்துக்குங்க, காசு வேண்டாம். டிகிரி தட்டுல அளந்த சீட்டைக் கொண்டு வரணும், அவ்வளவுதான்.